சாயாத வண்டி

தம்பி அக்கா மேல் வைத்திருந்த பாசத்தில் குறை சொல்ல முடியாது. அந்தப் பாசத்தால் அவன் செய்த காரியம்தான் வயிற்றெரிச்சல்.

அக்கா நர்ஸ். மேட்டுக் குடியிருப்புகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய் ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். பஸ் ஏறாத அந்தப் பாதையில் அவளுடைய மோட்டார் சைக்கிள்தான் ஏறும். போன மழைக்காலத்தில் இடுப்பு நரம்பு கெட்டு இடது கால் பலமிழந்தது. கியர் போடுகிற அளவுக்கு அசையும், உடம்பைத் தாங்காது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திக் காலை ஊன்றினால் முழங்கால் மடிந்து வண்டியோடு சரிந்துவிடுவாள். ஒருநாள் நாற்சந்தியில் லாரிக்கு முன்னால் அப்படி விழுந்தவளை அள்ளி எடுத்தவன் தம்பி. அன்றைக்குப் பிடித்த குலைநடுக்கம் அவனை விடவே இல்லை.

"ஆபீஸ்ல உக்காந்து மருந்துப் பெட்டியை அடுக்கச் சொல்றாங்கடா," என்றாள் அக்கா. "அதுக்கு நான் வீட்டுலயே கிடக்கலாம். நீ பெரிய மெக்கானிக்தானே? நின்னா விழாத வண்டி ஒண்ணு பண்ணிக் குடு."

பண்ணினான். முன்சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்களை மாட்டினான். ஆட்டோ மாதிரி விறைத்துக்கொண்டு போகிற வண்டி இல்லை இது. வளைவில் ஓட்டுகிறவர் சாய்ந்தால் மூன்று சக்கரமும் கூடவே சாயும். நிறுத்தும்போது கைப்பிடியில் இருக்கிற பூட்டை அழுத்தினால் அப்படியே நிமிர்ந்து நிற்கும். கால் ஊன்ற வேண்டாம்.

அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம். அவனோ கடைசியாக ஒருமுறை வண்டியை ஆட்டிப் பார்த்தான். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்ததில் லாரிச் சக்கரம் கண்முன் வந்து நின்றது. சாய்வதும் விழுவதும் ஒன்றுதான் என்று அவன் புத்தியில் ஏறிப்போயிருந்தது. அதிகம் சாயவிடாமல் தடுக்க இரண்டு பக்கமும் இரும்புக் கட்டை வைத்து வெல்டு அடித்தான். மேலே மூடியைப் போட்டு முடுக்கினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அக்கா ஓட்டிப் பார்த்தாள். நேராகப் போனவரை நன்றாகத்தான் போனது. திரும்பும்போது, இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் உடம்பு தானாகச் சாய்ந்தது. வண்டி கொஞ்சம் சாய்ந்ததும் கட்டையில் முட்டி, அதற்கு மேல் சாயவில்லை. திரும்ப வேண்டிய வண்டி நேரே போய் மண்மேட்டில் ஏறி அவளைத் தூக்கி எறிந்தது.

தம்பி தலைதெறிக்க ஓடினான். முழங்கை சிராய்த்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி மேல தப்பில்லடா. நீ நல்லாத்தான் பண்ணியிருக்கே. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. இந்த உடம்புக்கு எல்லாம் மறந்துபோச்சு. மருந்துப் பெட்டியே அடுக்கிக்கிறேன்."

தெரியாத விஷயத்தைக்கூடத் தெரியும் என்று அடித்துப் பேசுகிறவள் அவள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவன் கேட்டதே இல்லை. இப்போது அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அக்கா ரோட்டுப் பக்கமே போகமாட்டாள், லாரிக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவன் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஸ்பேனரை எடுத்துவந்து மூடியைக் கழற்றிக் காட்டினான்.

"என்னடா இது?"

"கட்டைக்கா. ரொம்பச் சாயாம இருக்க நான்தான் வச்சேன். நீ விழுந்துடக் கூடாதேன்னு..."

அக்கா கையை நீட்டி அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

"விழவச்சதைக்கூட விடு," என்றாள். "என் மேலயே எனக்கு நம்பிக்கை போக வச்சிட்டியேடா பாவி. அறுத்துப் போடு அதை."

அறுத்தான். கண்ணீர் வழிய வழிய அறுத்தான்.

அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "பின்னாடி ஏறு."

"நானா?"

"பின்ன, உன் வண்டிக்கு ஊர்ல இருந்தா ஆள் கூட்டிட்டு வருவாங்க?"

திருப்பம் வந்ததும் அவள் சாய்ந்தாள். அவன் விறைத்துப்போய் நிமிர்ந்தே இருந்தான். வண்டி தடுமாறியது.

"கூடச் சாயுடா!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தான். தரை முட்டிக்குப் பக்கத்தில் வருவதுபோல இருந்தது. ஆனால் வரவில்லை. மூன்று சக்கரமும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன.

பட்டறை வாசலில் நிறுத்திப் பூட்டை அழுத்தினாள். வண்டி அசையாமல் நின்றது. அவளுடைய இரண்டு கால்களும் மேலேயே இருந்தன. அக்கா குனிந்து பார்த்தாள். தம்பிதான் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தான்.

"எடுடா காலை," என்றாள்.

எடுத்தான்.