கரும்பு டிரம்

விடியற்காலை ஐந்தரைக்கே கிண்டித் தொழிற்பேட்டையில் அன்புக்கரசி தொட்டிக்குள் குனிந்து செண்டுமல்லிச் சக்கையை வாரிக்கொண்டிருந்தாள். ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை ஊற்றிப் பூவிலிருந்து சாயம் பிரிக்கிற கம்பெனி. பதினொரு வருஷமாக அந்த ஆவி ஏறி ஏறி மூக்குக்கே சலித்துவிட்டது. சோப்புக்கு அசையாத மஞ்சளை அதே ஹெக்ஸேனில்தான் கை நனைத்துக் கழுவுவார்கள். வேண்டாமென்று அங்கே யாரும் சொன்னதில்லை.

"அன்பு, செருப்பு எங்க?" என்றாள் உடன் வேலை செய்யும் ஹாஜிரா பீ.

குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்கால். செருப்பு வாசலிலேயே கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"காலு மரத்துப்போய்க் கீதுக்கா. கெடக்கட்டும்."

இந்த ஆவி நரம்பைத் தின்கிறது, இந்த வேலையை விடாவிட்டால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. காலைப் போலவே மனசும் மரத்துக் கிடந்தது.

அன்று சரக்கு வாங்குகிறவர்கள் சோதனைக்கு வருகிற நாள். வழக்கம்போல் பூட்டிய அறையிலிருந்து பச்சை டிரம்கள் நான்கு முற்றத்துக்கு வந்தன. கரும்புச் சக்கையிலிருந்து செய்த கரைப்பான். வந்தவர்கள் பார்ப்பதற்காக முதலாளி பரத்வாஜ் இந்த முறை தமிழில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்: 'ஹெக்ஸேனுக்கு மாற்று. தொழிலாளர் நரம்புகளுக்குப் பாதுகாப்பானது.' அன்புக்கரசி அதை இரண்டு தடவை படித்தாள்.

பதினொரு மணிக்கு வந்தவர்களின் கார் கிளம்பியது.

"டிரம்மை உள்ள வெச்சுப் பூட்டுங்க" என்றார் பரத்வாஜ். "ஹெக்ஸேன் ஏத்துங்க."

"இதையே ஊத்தலாமே சார்."

"அதுக்கு நீராவி ஜாஸ்தி வேணும்மா. பாய்லர் தாங்காது. படிப்படியா மாத்தலாம்."

"அதுக்குள்ள எனக்குப் படியேறக் காலு இருக்காது சார்."

"பிடிக்கலைன்னா கேட் தொறந்துதான் இருக்கு."

அவள் போய் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தாள்.

பாய்லர் ஓட்டுகிற வடிவேலு கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "பாய்லர் தாங்கும் சார். தினம் ஓட்டறவன் நான் சொல்றேன்." அவனும் அடுத்த டிரம்மில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக ஏழு பேர் வந்தார்கள். டிரம்மில் இடம் கிடைக்காதவர்கள் தரையிலேயே அமர்ந்தார்கள்.

பரத்வாஜ் போனைக் காதில் வைத்தபடி தன் ஆபீஸ் அறைக்குள் போனார். போலீஸ் வருமா, வேறு ஆள் வருமா, யாருக்கும் தெரியாது.

ஹாஜிரா பீ வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அன்புக்கரசியின் காலடியில் வைத்தாள். அன்புக்கரசி காலால் துழாவினாள். விரல்களுக்கு வார் அகப்படவில்லை.

"வுடு," என்ற ஹாஜிரா பீ, தன் செருப்பையும் பக்கத்தில் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "இப்ப இன்னாத்துக்குச் செருப்பு? நாம எங்கயும் போப்போறதில்ல."