வானத்திலிருந்து இறங்கிய கயிறு

வலை இழுக்கும் கம்பிவடம் அறுந்து ப்ரெய்ஷோவின் நெஞ்சில் அடித்தபோது எங்கள் மீன்பிடிக் கப்பல் அயர்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் இருந்தது. ப்ரெய்ஷோ எங்கள் இன்ஜின்காரன், என் தங்கை புருஷன். வாயெல்லாம் ரத்தம். கரை சேர ஒரு நாளாகும். அவன் அதுவரை தாங்க மாட்டான்.

கேப்டன் மோன்ச்சோ ரேடியோவை என் கையில் திணித்தார். ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாம், ஐரிஷ் பைலட்டோடு நான்தான் பேச வேண்டுமாம்.

துணை கேப்டன் தேர்வுக்காக நான் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். 'கன்டினியூ', 'சஸ்பெண்ட்' மாதிரி நீள வார்த்தைகள் ஸ்பானிஷ்காரனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் சொற்களேதான், கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும். உயிரை எடுப்பவை பொடி வார்த்தைகள். ஒரு வினை, பின்னால் 'அப்', 'இன்' என்று ஒரு வால். வால் மாறினால் எல்லாமே மாறிவிடும். மீன் அறுக்கும்போதும் அவற்றையே முணுமுணுப்பேன். "வாத்தியாரே, இந்த மீன் பாஸா ஃபெயிலா?" என்று தளத்து மேஸ்திரி ஃபர்ரூக்கோ சீண்டுவார்.

தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இரைந்தது. பைலட் ஒரு பெண். அவள் வாயிலிருந்து நீள வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. 'ஹோல்ட் ஆன்', 'டேக் இன்', 'டோன்ட் டை இட் அப்'. எல்லாம் பொடிகள்! என் ரத்தம் துள்ளியது. ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது.

"கயிறு வரும். கையிலயே புடிங்க, தொய்ஞ்சா இழுங்க. எங்கயும் கட்டிராதீங்க" என்று கப்பலின் மேல்தட்டிலிருந்து தளத்தைப் பார்த்துக் கத்தினேன். ஃபர்ரூக்கோ கை அசைத்தார்.

கயிறு வந்தது. அதே நொடியில் அலை கப்பலைத் தூக்கிப் போட்டது. கைக்கு வந்த கயிற்றைக் கட்டாமல் விட்டவனை ஸ்பெயினில் எங்கள் கலீசியாவில் மாலுமி என்றே சொல்ல மாட்டார்கள். ஃபர்ரூக்கோவின் கைகள் அவரைக் கேட்கவில்லை. இரும்புக் குற்றியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டன.

கயிறு விறைத்தது. ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"லெட் கோ!" ரேடியோவில் பைலட் அலறினாள்.

நான் மனதில் மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சொல் நேராக என் கால்களுக்கே போய்விட்டது. படியில் பாய்ந்து இறங்கினேன்.

"கயித்த விடுங்க அண்ணே! இல்லன்னா ஹெலிகாப்டரே கவுந்துரும்!"

குற்றியிலிருந்து சுற்றுகளை உருவினேன். ஃபர்ரூக்கோ தன் கைகளையே வெறித்தார். "நான் எப்படா கட்டினேன்?"

ஹெலிகாப்டர் நிமிர்ந்தது. கயிற்றை மறுபடி கையில் மட்டும் பிடித்தோம். மேலிருந்து ஒருவன் இறங்கினான், ப்ரெய்ஷோவை ஸ்ட்ரெச்சரில் பிணைத்தான். இருவரும் சுழன்று சுழன்று மேலே போனார்கள். கதவு மூடியது.

ரேடியோ கரகரத்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"என்னடா சொல்றா?" ஃபர்ரூக்கோ.

"புல் த்ரூ." ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தேன். "பொழச்சுக்குவானாம்."

"சரியாக் கேட்டியா?"

"சரியாத்தாண்ணே கேட்டேன்."

கேப்டன் சாட்டிலைட் போனை நீட்டினார். "அப்ப நிக்காத. தங்கச்சிக்குப் போடு."