ஆபேலின் மனுவுக்கு அடித்த காய்ச்சல்

கொல்லம் 1103 ஆடியில், அதாவது 1928இல், மலையோரத்துத் தாலுகா கச்சேரியின் ரிக்கார்டு அறைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்திய வசதி கேட்டு ஊர் ஊராகச் சர்க்காருக்கு எழுதிய மனுக்களைக் கட்டுக் கட்டாக அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். காய்ச்சலோடு எழுதியவர்களின் காய்ச்சல் காகிதத்தில் ஏறியிருந்தது. பதில் போகாததால் இறங்கவில்லை. அரக்கு முத்திரைகள் உருகி வழிந்தன. கரையான் குடிபெயர்ந்தது. அடைமழைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியை அந்த அறையின் வெளிச்சுவரில் ஒட்டிக் காயவைத்தார்கள்.

“சர்க்காருக்குக் காய்ச்சலடிச்சாத்தானேட்டி நமக்கு நாலு துணி காயுது” என்று அவர்களில் ஒருத்தியான ஞானபாய் சிரிப்பாள். பக்கத்தில் நிற்கும் நேசபாய் சிரிக்கமாட்டாள். அவள் துணி காயப்போட வருகிறவள் அல்ல.

அவள் கணவன் ஆபேல் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவன். முறைக்காய்ச்சலில் கிடந்தபடியே, பூட்டிக் கிடக்கும் தர்மாசுபத்திரிக்கு ஒரு டாக்டரைப் போடவேண்டும் என்று நடுங்கும் கையால் எழுதி அனுப்பினான். பிறகொரு நாள், டாக்டர் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னதை நம்பி, காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்க நேசபாய் நடந்தாள். கதவு பூட்டியே கிடந்தது. அடுத்த ஊருக்கு நடந்து வாங்கித் திரும்புவதற்குள், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆளில்லாமல் ஆபேல் போய்விட்டான். மனுவுக்கு யாரும் சாவுச் செய்தி சொல்லவில்லை. அது ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி சாய்ந்ததும், அவனைப் போலவே நடுங்கி அவனைப் போலவே கொதித்தது. ஜன்னலுக்குக் கீழே சுவர் நடுங்கும் இடத்தில் கையை வைத்த அன்றே நேசபாய்க்கு ஆள் தெரிந்துவிட்டது.

ரிக்கார்டு கீப்பர் ஐயப்பன் பிள்ளையிடம் போய்க் கேட்டாள்.

“கொடுத்த மனு சர்க்கார் சொத்து. எழுதினவனே வந்தாலும் காட்டப்படாது.”

“எழுதினவரு வரமாட்டாரு ஏமானே. நான் வாசிக்கியதுக்குக் கேக்கல்ல. ஒண்ணு தொட்டுப் பாக்கணும்.”

பிள்ளை கதவைச் சாத்தினார். சுவருக்கு இந்தப்புறம் அவளும் அந்தப்புறம் காய்ச்சலுமாக வருஷங்கள் போயின. மறுமணம் பேச வந்தவர்கள் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள்.

1933இல் மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்து, அறைக்குள் சற்று நேரம் இருந்து, வேர்த்து விறுவிறுத்து வெளியேறினார். அடுத்த மாதம் உத்தரவு வந்தது: வைத்திய மனுக்களை யார் கேட்டாலும் காட்டலாம். டாக்டரைப் பற்றி உத்தரவில் ஒன்றுமில்லை.

நேசபாய் உள்ளே போனபோது காகிதம் நடுங்கிக்கொண்டிருந்தது. மடியில் கிடத்தி, முந்தானையை விரித்துப் போர்த்தினாள். நடுக்கம் அடங்கிச் சூடு ஏறியது. ஈரத்துணி இருக்குமா என்று கேட்டாள்.

“மை கலங்கிப் போவும்” என்றார் பிள்ளை. பிறகு அவரே எழுந்துபோய் மண்கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்.

துணியைப் பிழிந்து, எழுத்தின்மேல் பதமாகப் போட்டாள். “வந்துட்டேன், கேட்டியளா? அங்க கதவு பூட்டிக் கிடந்துது. அதாக்கும் சுணங்கிப்போச்சு” என்றாள்.

பொழுது சாயும் முன் காகிதம் வியர்த்தது. எழுத்துகள் கரைந்து அவள் உள்ளங்கையில் இறங்கின. தொட்டால் வெறும் காகிதத்தின் குளிர்ச்சி. அதை மடித்துப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு மற்றவர்களும் கஞ்சிக்கலயமும் கம்பளியுமாக வரத் தொடங்கினார்கள். கச்சேரியில் ஒரு பெஞ்சு போட்டார்கள்; மாலை நாலு முதல் ஆறு வரை மனுக்களைப் பார்க்கலாம் என்று பலகை தொங்கியது. ஆளற்றுப்போன வீடுகளிலிருந்து வந்த மனு ஏதாவது நடுங்கத் தொடங்கினால் பிள்ளை நேசபாய்க்கு ஆள் அனுப்புவார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படுவாள்.