ஐனர் ஏற்றிய கொடி

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்து ஓரமாக, ஆளுக்கொரு சிறு குடிலோடு இருந்த தோட்ட வரிசையில், ஒரு குடிலின் முன் நாட்டுக் கொடி ஏறினால் அங்கே ஏதோ விசேஷம் என்று அர்த்தம். ஐனர் காலையிலேயே ஏற்றிவிட்டார். பக்கத்துக் குடில்காரர் பிரெபன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐனர், யாருக்குப் பிறந்தநாள்?"

"என் இதயத்துக்கு! படம் எடுத்துப் பார்த்துட்டாங்க. ரத்த ஓட்டம் அம்சமா இருக்காம். இனிமே இவ வாயைத் திறக்க முடியாது!" என்றபடி சுருட்டைப் பற்றவைத்தார்.

'இவ' என்றது மனைவி பிர்த்தேயை. கோளாறு தெரிந்தால் சுருட்டை விட்டுவிடுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எந்தக் கோளாறும் வரக்கூடாது என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டாள். நல்ல சேதியே வினையாகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"டாக்டர் சொன்னதுல பாதியை முழுங்கிட்டியே," என்றாள். "டிரெட்மில்லுல உன்னால நாலு எட்டு வைக்க முடியல. ஊசி போட்டு இதயத்தை முடுக்கித்தானே படம் எடுத்தாங்க? 'நடந்து காட்டி இதே படம் வந்திருந்தா எனக்கு இன்னும் நிம்மதி. நடக்க முடியாததே ஒரு எச்சரிக்கைதான். சுருட்டை விடுங்க, தினமும் கொஞ்சம் நடங்க'ன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

"படம் நல்லா இருக்குன்னாங்களா, இல்லையா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"அப்போ காபியை ஊத்து."

பிரெபன் விழுந்து விழுந்து சிரித்தார்.  பிர்த்தே காபியை ஊற்றினாள், வேறென்ன செய்வாள்?

அதன் பிறகு நடக்கக் கூப்பிட்டபோதெல்லாம் ஐனர் கொடிக்கம்பத்தைக் காட்டிச் சிரிப்பார். ஒரு காலத்தில் துறைமுகம் வரை நடந்து போய்வந்தவருக்குத் தபால் பெட்டியே தூரமாகிப் போனது. மூன்றாவது வசந்தத்தில், உருளைக்கிழங்கு நடப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் பிர்த்தே அதே கொடியை உச்சி வரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்கிக் கட்டினாள். பிரெபன் வேலியருகே வந்து நின்றார். விரலிடுக்கில் சுருட்டு புகைந்தது.

"நம்பவே முடியல பிர்த்தே. அவனுக்குப் படம் சுத்தமா இருந்துச்சே! போன மாசம் எனக்கும் ஊசி போட்டுத்தான் எடுத்தாங்க. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க..."

அவள் கயிற்றை விடாமலே திரும்பினாள்.

"படம் பொய் சொல்லல, பிரெபன். அன்னிக்கு ரத்தம் எப்படி ஓடுச்சுன்னு சொல்லிச்சு, அவ்வளவுதான். மிச்சத்தை அவனோட மூச்சு சொல்லிச்சு, காலு சொல்லிச்சு. அதை அவனும் கேட்கல, கூடச் சேர்ந்து சிரிச்ச நீயும் கேட்கல. ரிசல்ட் நல்லா வந்தா, உடம்பைப் பார்த்துக்க இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம். கெடுத்துக்க அனுமதி கொடுத்துட்டாங்கன்னு அர்த்தமில்ல!"

பிரெபன் கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம், ஐனர் கொத்திய பாத்தியில் அதை வீசினார்.

"அதை எடுத்துட்டுப் போ," என்றாள் பிர்த்தே. "அங்க நான் கிழங்கு நடணும்."