பாதிக் கூரை

எங்கள் சலவை நிலையத்தின் இஸ்திரி அறையில் வெப்பநிலையை நாளுக்கு மூன்று வேளையாகப் பதினான்கு நாள் குறித்தேன். தாளில் கோடு போட்டு, எண்களை வரிசையாக எழுதி, கீழே ஏழு பேரின் கையெழுத்தையும் வாங்கி மேனேஜரிடம் கொடுத்தேன். தகரக் கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை.

மறுநாள் காலை அவர் அந்தத் தாளோடு மாடி ஏறி வந்தார். நேராக வெப்பமானி தொங்கிய தூணுக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏம்மா, இது தூணா, அடுப்பா?"

அந்தத் தூணை ஒட்டித்தான் கீழேயுள்ள கொதிகலனிலிருந்து நீராவிக் குழாய் ஏறுகிறது. எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவர்களுக்கு அது சூடாகவே படாது. இடுப்பு வலித்தால் முதுகைக் கொடுத்து இரண்டு நிமிடம் நிற்கிற இடம் அது. ஆணியும் அங்கேதான் இருந்தது, மாட்டிவிட்டோம். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து என்று வந்த எண்களை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

"நீங்க அறையை அளக்கல, குழாயை அளந்திருக்கீங்க" என்று சொல்லித் தாளை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அறையில் என் பெயரே 'தபால்'. யாருக்கு விடுப்பு வேண்டுமானாலும், யார் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானாலும் நான்தான் எழுதித் தருவேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அதைவிடப் பெரிய கவலை அண்ணியைப் பற்றியது. என் அண்ணன் மனைவி. பக்கத்து மேசைதான். போன கோடையில் நின்றபடியே மயங்கி, தேய்த்த விரிப்புகள் மேல் சரிந்தார். ஒன்பது வருடமாகப் பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரி விரிப்பை ஒரு சுருக்கமில்லாமல் மடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "இந்த வருஷமும் அதே கூரைன்னா மாசக் கடைசியோட நின்னுடு" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அண்ணியும் மனசில்லாமல் தலையாட்டியிருந்தார். மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

மதிய இடைவேளையில் அண்ணி போனைத் திறந்தால் எங்காவது காடு எரியும், எங்காவது பனி உருகும். அன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஏறுமாம். உலகமே கொதிக்குது. நீ ஒரு தகரத்துக்கு வெள்ளை அடிச்சு என்ன பண்ணிடப் போற?"

"உலகத்துக்கு லெட்டர் போட அட்ரஸ் இல்ல அண்ணி. மேனேஜருக்கு இருக்கு."

"அந்த அட்ரஸ்லேர்ந்துதான் இப்ப திரும்பி வந்துச்சே!" என்றார் ரேடியோ அக்கா. எதிர் மேசைக்காரர். வாய் ஓய்ந்தால்தான் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள்.

வெப்பமானியைக் கழற்றி, அறையின் நடுவில், நிற்கிறவர் முகமட்டத்துக்கு வருமாறு உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டேன். விளக்கின் சூடு படாமல் மேலே ஓர் அட்டையும் வைத்தேன். ஏழு நாள் குறித்தேன். பிற்பகலில் முப்பத்தெட்டு, இரண்டு நாள் முப்பத்தொன்பது.

அண்ணிக்கு ஏமாற்றம். "நாப்பத்தஞ்சுக்கே இரங்காதவங்க முப்பத்தெட்டுக்கா இரங்கப் போறாங்க?"

"இதுவும் மனுஷி மயங்குற சூடுதான் அண்ணி. பொய்ச் சூடு நமக்கெதுக்கு?"

பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன். காலையில் ஒருவர் மணிக்கு நாற்பது விரிப்பு தேய்க்கிறார். மூன்று மணிக்கு அதே கை இருபத்தாறில் நிற்கிறது. பிறகு கடிதத்தை எழுதினேன். முதல் வரி: 'முந்தைய கடிதத்திலுள்ள எண்கள் தவறானவை, தவறு என்னுடையது.'

படித்துப் பார்த்த ரேடியோ அக்கா தலையில் கை வைத்தார். "அடி தபாலு, நாமளே தப்புன்னு எழுதிக் குடுத்தா தலையில மிளகாய் அரைப்பாங்கடி!"

"அரைக்கட்டும். இந்தத் தடவை எங்க வேணா கையை வெச்சுப் பாக்கட்டும்."

கடைசியில், முழுக்கூரையும் வேண்டாம், முதலில் பாதிக்கு மட்டும் அடித்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள் என்று முடித்தேன்.

மேனேஜர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். "முதல் லெட்டரை மேல அனுப்பியிருந்தா என்னையும் சேத்து சிரிச்சிருப்பாங்க. இது நிக்கும்" என்றார். ஐந்தாம் நாள் இரண்டு பேர் கூரையேறிக் கிழக்குப் பாதிக்குப் பூச்சு அடித்தார்கள்.

பூச்சு காய்ந்தபின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெப்பமானி தொங்கியது. முதல் நாள் மூன்று மணிக்கு மேற்கே முப்பத்தெட்டரை, கிழக்கே முப்பத்தைந்து. இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது நாளையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். அன்று மாதத்தின் கடைசி வேலைநாள்.

இரண்டரை மணிக்கு அண்ணி இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். ஒயரைச் சுற்றினார். புறப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவரோ மேசையின் ஒரு முனையைத் தூக்கி, "பிடி" என்றார்.

"எங்க அண்ணி?"

"கிழக்க."

"இன்னும் அரை மணி நேரம் பொறுங்க, அளவு கெட்டுடும்!"

"உன் அளவு கெடட்டும், என் உடம்பு கெடக் கூடாது. பிடி."

பிடித்தேன். எங்களைப் பார்த்து ரேடியோ அக்கா தன் மேசையை இழுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். தரை கிறீச்சிட்ட சத்தத்தில் மேனேஜர் ஓடி வந்தபோது மேற்குப் பாதி காலியாகக் கிடந்தது. கிழக்கில் ஏழு மேசைகளும் முழங்கை இடிக்க நெருக்கிக்கொண்டு நின்றன.

"என்னம்மா கூத்து இது?"

"சோதனை முடிஞ்சிருச்சு சார்" என்றார் ரேடியோ அக்கா. "முடிவு இங்க நிக்குது, பாத்துக்குங்க."

அவர் காலிப் பாதியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை அந்தப் பக்கமும் அடிச்சிடறேன். அதுவரைக்கும் ஒருத்தரையொருத்தர் சுட்டுக்காதீங்க" என்று இறங்கிப் போனார்.

அண்ணி போனை எடுத்து அண்ணனை அழைத்தார். "நான் நிக்கல. வேலையை விட்டு நிக்கலன்னு சொல்றேன். ஆமா, திங்கக்கிழமையும் வருவேன். முப்பத்தாறு தாண்டினா பெட்டியை அணைச்சிட்டு உக்காந்துடுவேன், போதுமா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இன்னும் ஏறினா?"

"ஏறலாம் அண்ணி."

"அப்ப இது பத்தாது."

"பத்தாதுதான்."

அவர் பெட்டியை மறுபடி போட்டார். அது சூடேறும்வரை மேற்குச் சுவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் உசரத்துல ஒரு ஜன்னல் வெச்சா, காத்து குறுக்கால ஓடுமில்ல?" என்றார். "அதையும் அளந்து வை."