பதினொன்று ஐம்பத்திரண்டு வண்டி

வாகன வரி அலுவலகத்தின் மாடியில் படப்பிரிவு என்று ஓர் அறை இருந்தது. தெருக் கேமராக்களில் சிக்கும் மோட்டார் சைக்கிள்களில் வரி கட்டாதவற்றைக் கணினி பிரித்துப் போடும். ஆனாலும் ஒரு மனிதக் கண் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நோட்டீஸ் போகவேண்டும் என்பது விதி. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரி பதினாறு வருடமாக அதே வேலையில் இருந்தாள். மூன்றை எட்டாக்க ஒட்டிய கறுப்பு டேப், கடைசி எழுத்தின் மேல் அப்பிய சேறு, பின்சீட்டுக்காரர் சாமர்த்தியமாகத் தொங்கவிட்ட பை, எதுவும் அவளிடம் பலிக்காது. ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பாலத்து முனையில் புதிதாகக் கேமரா வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதில் ஒரு வண்டி அவள் கண்ணில் பட்டது நேரத்தால்தான். பதினொன்று ஐம்பத்திரண்டு. மறுநாளும் பதினொன்று ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த நாளும் அதே நிமிஷம். பார்சல் கொண்டுபோகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண வண்டி. பின்னால் பெட்டி கட்டுகிற கம்பி இடது பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. ஓட்டுகிறவன் தலையில் கறுப்பு ஹெல்மெட். சட்டைக்குள் எதையோ செருகியிருந்ததால் நெஞ்சு புடைத்துத் தெரிந்தது. வரி இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி.

மூன்று நோட்டீஸ் போனது. மூன்றாவதற்குப் பதில் வந்தது. ஒரு பெண் இடைவெளி விடாமல் நெருக்கி எழுதிய கடிதம்: இந்த வண்டி ஓடுவதில்லை, என் வீட்டுச் சந்தில் நிற்கிறது, ஓட்டியவன் உயிரோடு இல்லை, ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டேன். பூதக்கண்ணாடிக்குச் சிரிப்புதான் வந்தது. வண்டி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தால் வரி கிடையாது என்று ஒரு சலுகை உண்டு. அதை நம்பித்தான் ஊரில் பாதி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த வண்டியைக் கேமரா பிடித்துவிட்டால் மனு தள்ளுபடி, வண்டி பறிமுதல். இந்தப் பெண் கொடுத்த இரண்டு மனுவும் அப்படித்தான் தள்ளுபடியாகியிருந்தன.

படத்தை வைத்துப் பறிமுதல் செய்வதென்றால், படத்தை உறுதி செய்தவரும் கூடப் போய் அடையாளம் காட்டவேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. சோதனைப் பிரிவு ஆய்வாளரோடு ஜீப்பில் ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.

வீட்டுக்காரி தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின்கள், தரையெல்லாம் வெட்டுத்துண்டு, சுவரில் அளவெழுதிய காகிதங்கள். வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், அவர்கள் உட்காராததால் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுச் சந்துப் பக்கம் கூட்டிப் போனாள். சந்தில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி. தார்ப்பாயின் மேல் ஈரத்துணிகள் விரித்துக் கிடந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தார்ப்பாயை விலக்கினாள்.

முன்பக்க ஃபோர்க் மடங்கிய முழங்கால் மாதிரி உள்ளே போயிருந்தது. சக்கரம் நெளிந்து எட்டுப் போட்டிருந்தது. இரண்டு டயரிலும் காற்றில்லை. ஹெட்லைட் இருந்த பள்ளத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. ஆய்வாளர் குனிந்து வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் எழும்பி வந்தது. பதிவேட்டில் இருந்த அதே எண்.

யாரோ இதே நம்பரைப் போலியாக அடித்து மாட்டிக்கொண்டு திரிகிறான், நமக்கு இங்கே வேலையில்லை என்றார் அவர். பூதக்கண்ணாடியின் பார்வை பின்கம்பியில் நின்றுவிட்டது. இடது பக்கம், அதே இடத்தில், அதே வளைவு. நம்பரை யாரும் அடிக்கலாம். வளைவை யார் அடிப்பார்கள்?

ஆய்வாளர் எழுந்திருக்கப் பிடிமானத்துக்குக் கை வைத்தார். வைத்த வேகத்தில் உதறினார். சைலன்சர் பட்ட உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

"மத்தியானம் சுடும் சார்," என்றாள் தையல்காரி. குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று சொல்கிறவளின் குரல். "ஒரு மணிக்கு மேல ஆறிடும். மழை நாள்ல துணி காயறதுக்கு வேற வழியில்ல, அதான் இது மேல போடுறேன்."

ஆய்வாளர் அறிக்கையை ஜீப்பில் உட்கார்ந்து எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. பூதக்கண்ணாடிக்கும் கால் வாசலுக்குத்தான் இழுத்தது. ஆனால் பதினாறு வருடத்தில் அவள் படத்தில் பார்த்த வண்டியை நேரில் பார்த்தது இதுவே முதல் தடவை. பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

தையல்காரி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, தைக்காமலே சக்கரத்தைக் கையால் உருட்டியபடி சொன்னாள். வண்டி அவள் தம்பியுடையது. பார்சல் வேலை. எதையும் கடைசி நாள்வரை இழுத்தடிக்கிறவன். வரி கட்டக் கடைசித் தேதி அன்றைக்கும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முந்தின வருடம் அபராதம் கட்டியதே அவள்தான். அந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைப் பேசினாள். அவன் பணத்தையும் காகிதங்களையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். பாலத்தில் ஒரு லாரி.

"வரி கட்டாம இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன்," என்றாள். "அதான் கடைசியா சொன்னது. இன்னி வரைக்கும் அவன் மிதிக்கல. வண்டி மட்டும்தான் சூடாகுது."

பிறகு அவள், வண்டியை எடுத்துக்கொண்டு போவதானால் போங்கள், ஆனால் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியும்படி செய்யுங்கள் என்றாள்.

பூதக்கண்ணாடிக்கு அதற்குள் வேறொன்று உறைத்திருந்தது. படங்களிலெல்லாம் வண்டி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம்தான் போகிறது. வரி அலுவலகம் அந்தப் பக்கம் இருந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். இப்போது இந்தப் பக்கம். இடம் மாறிய சேதியைப் பேப்பரில் போட்டார்கள், வாசலில் ஒட்டினார்கள். இவனுக்கு யார் சொன்னார்கள்?

பறிமுதல் பட்டியலில் ஏறிவிட்ட வண்டிக்குக் கவுன்டரில் பணம் வாங்கமாட்டார்கள். சோதனைப் பிரிவின் கைரசீதில்தான் வாங்கமுடியும். மறுநாள் காலையில் அவள் ஆய்வாளரிடம் ரசீதுப் புத்தகம் கேட்டாள். உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்த அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பழைய கட்டடத்தின் சாவியையும் ஸ்டோர்காரரிடமிருந்து அவரே வாங்கிக் கொடுத்தார். தான் வருவதாக மட்டும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு அவளும் தையல்காரியும் பழைய ஆபீசுக்குள் நுழைந்தார்கள். நாற்காலிகளெல்லாம் போய்விட்டன. ஆளுயரக் கண்ணாடித் தடுப்பும் அதன் அடியில் காகிதம் தள்ளுகிற இடைவெளியும் அப்படியே இருந்தன. வரிசையில் நிற்கவும் என்ற பலகைகூட இருந்தது. பூதக்கண்ணாடி ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தையல்காரி பக்கத்தில் நின்றாள். அவள் கையில் அந்த பிளாஸ்டிக் உறை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை அவள் அதுவரை பிரிக்கவேயில்லை.

ஐம்பத்திரண்டு ஆனது. இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள். வெளியே முற்றத்தில் வெயில் கொளுத்தியது. ஒரு காக்கை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஐம்பத்தெட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தெருமுனையில் கியர் குறைந்தது, முற்றத்துக்குள் வந்தது, நின்றது. ஸ்டாண்டைக் காலால் தள்ளும் ஓசை. முற்றத்தில் ஒன்றுமில்லை. காக்கை மட்டும் பறந்துபோய்விட்டது.

பிறகு ஜன்னல் இருண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது கிட்டே வந்து நின்றால் இந்தப் பக்கம் வெளிச்சம் குறையுமே, அவ்வளவுதான். பெட்ரோல் வாடை அடித்தது. வேலையில் சேர்ந்த புதிதில் இந்த ஜன்னலில்தான் பூதக்கண்ணாடி மூன்று வருடம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழக்கம்தான் அவளைப் பேச வைத்தது.

"வண்டி நம்பர்?"

தையல்காரிதான் நம்பரைச் சொன்னாள். உறையைப் பிரித்துப் பணத்தை எடுத்து வைத்தாள். ஒரு வருட வரி, சில்லறை சுத்தமாக இருந்தது. பூதக்கண்ணாடி கார்பன் வைத்து எழுதினாள், தேதி போட்டாள், முத்திரை குத்தினாள். ரசீதைக் கிழித்து இடைவெளிக்குள் தள்ளினாள். பாதி போனதும் அவள் கையிலிருந்து அது இழுபட்டது. வெடுக்கென்று இல்லை. கவுன்டரில் நிற்கிற யாரும் இரண்டு விரலால் வாங்கிக்கொள்வார்களே, அப்படி.

தையல்காரி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"அக்கா கோவத்துல சொன்னதுடா," என்றாள். "கட்டியாச்சு. வீட்டுக்கு வா."

ஜன்னலில் வெளிச்சம் திரும்பியது. வெளியே என்ஜின் உதைபட்டுக் கிளம்பியது. சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்த பிறகு இருவரும் குனிந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்கள். அரசாங்க ரசீது, காணோம் என்று சொல்லிவிட முடியாது. தரையில் தூசியும் அவர்களுடைய காலடித் தடமும்தான் இருந்தன.

மறுநாள் வந்த படக் கட்டில் பதினொன்று ஐம்பத்திரண்டுப் படம் வழக்கம்போல் இருந்தது. அதற்கு இருபது படம் தள்ளி இன்னொன்று. பன்னிரண்டு ஒன்பது, வீட்டுப் பக்கம் வருகிற பாதை. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது, முகம் திறந்திருந்தது. அவள் முகத்துக்குப் போகாமல் நம்பரை மட்டும் சரிபார்த்தாள். காரணம் என்ற கட்டத்தில் வரி செலுத்தப்பட்டது என்று அடித்தாள். அதற்குப் பிறகு பாலத்துக் கேமராவில் அந்த வண்டி வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தையல்காரி பதிவை ரத்துசெய்யும் விண்ணப்பத்தோடு வந்தாள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எடுக்க வந்த ஆள் குளவிக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளிப் போட்டானாம். வீடு எப்படி இருக்கிறது என்று பூதக்கண்ணாடி கேட்டாள். இருக்கிறது என்றாள். காலையில் எழுந்து பார்த்தால் சில நாள் மெஷின் பக்கத்தில் நாற்காலி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

பிறகு படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். வண்டிக்காரருக்கோ வாரிசுக்கோ படத்தைக் காட்டலாம் என்று விதியில் இடம் இருந்தது. பூதக்கண்ணாடி திரையை அவள் பக்கம் திருப்பி, தான் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தையல்காரி வெகுநேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சுட்டான்," என்றாள். விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டு, போட்டுவிட்டு எழுந்தாள்.