தொடாத கட்டம்

மற்றவர் கண்ணில் படாதபடி கணினித் திரையை ஓரமாகத் திருப்பிவைத்துக்கொண்டுதான் அவள் வேலை பார்ப்பாள். யாராவது பின்னால் வந்து நின்றால் முதுகு கூசும். அலுவலகத்தில் அவளுக்கு சிஐடி என்று பெயர். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அந்தப் பெயர் அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இன்று அவள் சந்தேகப்பட்டது சொந்த அக்காவை. அக்கா நர்ஸ். அவளுடைய மருத்துவமனையில் ஓடுவது இவள் கம்பெனி செய்துகொடுத்த மென்பொருள்தான். நான்கு நாள் முன்பு ஊசி போட்டதும் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியது; அவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். திரையில் 'மருந்து ஒவ்வாமை: இல்லை' என்று இருந்ததை நம்பித்தான் டாக்டர் அந்த ஊசியை எழுதியிருந்தார். நோயாளியைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டுவிட்டதாகச் சொல்லி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு விசாரணை.

காலையில் போனில் அக்கா அழவில்லை. அதுவே இவளுக்கு உறுத்தியது.

"அவர் நெனவில்லாம வந்தார்டி. யார்கிட்ட கேக்கறது? கண்ண முழிச்சதும் கேட்டுக்கலாம்னு அந்தக் கட்டத்தத் தொடவே இல்ல. எங்க வார்டுல எல்லாரும் அப்படித்தான் விடுவோம்."

"தொடாம எப்படிக்கா 'இல்லை'ன்னு வரும்?"

"அத நீதான் சொல்லணும்."

சின்ன வயதில் இவளுடைய கைக்கடிகாரத்தை உடைத்துவிட்டு, அது தானாக நின்றுபோனது என்று அம்மா முன்னால் முகம் மாறாமல் சாதித்தவள் அக்கா. இத்தனை வருடமாகியும் அந்தக் கடிகாரம் இவள் மனதை விட்டுப் போகவில்லை.

புகாரோடு வந்திருந்த பதிவைத் திறந்தாள். மென்பொருள் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அந்த நோயாளி ஒரு ஆப்ஜெக்ட், தகவல்களைப் போட்டுவைக்கும் பெட்டி மாதிரி. பெயர், வயது, ரத்த வகை எல்லாம் அதற்குள் இருக்கும் பிராப்பர்ட்டிகள். நர்ஸ் ஒரு கட்டத்தைத் தொட்டால்தான் அதற்கான பிராப்பர்ட்டியே உருவாகும். அக்கா 'இல்லை' என்று அழுத்தியிருந்தால் ஒவ்வாமைக்கான allergy என்ற பிராப்பர்ட்டி உள்ளே இருந்தாக வேண்டும். வசமாக மாட்டப்போகிறாள் என்று நினைத்தபடியே அடித்தாள்:

'allergy' in patient

false என்று வந்தது. அப்படியொன்று உள்ளே இல்லை.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தாள். வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தாள். false தான். அக்கா தொடவே இல்லை. அப்படியானால் அந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது? திரையில் அதைக் காட்டும் வரியைத் தேடிப் பிடித்தாள். பிராப்பர்ட்டி இருக்கிறதா என்று அந்த வரி பார்க்கவே இல்லை. மதிப்பு கிடைத்தால் காட்டு, கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று போடு, அவ்வளவுதான். கேட்டுத் தெரிந்துகொண்டதும் கேட்காமலே விட்டதும் அதற்கு ஒன்றுதான். எந்த மடையன் எழுதியது என்று, எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் அவளுடைய பெயர்.

தேதியையும் பெயரையும் மறுபடி ஒருமுறை படித்தாள்.

டீம் லீட் மேசைக்கு எதிரே வந்து நின்றார். "என்ன சிஐடி, நம்ம பக்கம் ஒண்ணும் இல்லையே? நர்ஸ் தப்புதான்னு எழுதி அனுப்பிடலாமா?"

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. அக்காதான். 'பாத்தியா? நீயும் என்ன நம்பலதானே?'

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். திரையின் ஓரத்தைப் பிடித்தாள். இத்தனை வருடம் ஒரே பக்கம் பார்த்து நின்றதில் அதன் கால் இறுகிப்போயிருந்தது. எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்தி அவர் பக்கமாகத் திருப்பினாள். கிறீச்சென்று எழுந்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.